கோழித் தண்ணீருக்கு ஏற்றிய விளக்கு

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் கையெழுத்து கோழி கிளறின மண் மாதிரி இருக்கும் என்று மகள் சொல்வாள். சொல்லட்டும். கோழியைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான கையெழுத்து எங்கே கிடைக்கும்?

லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் எனக்கு ஒரு தோட்டத் துண்டு இருக்கிறது. வீட்டைச் சுற்றி வளவு இல்லாதவர்களுக்கென்று ஒரு பெரிய நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். வெங்காயம் போடலாம், கீரை போடலாம், நாலு கோழியும் வைக்கலாம். கோழிகள் நான் தேடி வாங்கியவை அல்ல. எனக்கு முன் அந்தத் துண்டை வைத்திருந்த வெள்ளைக்காரக் கிழவர், கடற்கரைப் பக்கம் மகனோடு இருக்கப் போனபோது, கூட்டையும் கோழிகளையும் ஓட்டை வாளி ஒன்றையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். வாளியைத்தான் பிறகு எறிந்தேன்.

மூன்று மண்ணிறம், ஒன்று கறுப்பு. கறுப்பிதான் அதிகாரி. முதல் ஒரு மாதம் நாலும் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. கிழவர் இங்கிலிஷில் வளர்த்த கோழிகள் அல்லவா? நான் விடவில்லை. "பா... பா..." என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே பழக்கினேன். இப்போது வாசல் கதவைத் திறந்தாலே ஓடி வரும். வீட்டில் நான் தமிழில் கேட்டால் பேரப்பிள்ளைகள் இங்கிலிஷில் பதில் சொல்வார்கள். லண்டனில் இங்கிலிஷை விட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தவர்கள் என்று எனக்குத் தெரிந்து இந்த நாலு கோழிகள்தான் இருக்கின்றன. அப்படிப்பட்டவற்றை யாருக்காவது விட்டுக்கொடுக்க மனம் வருமா?

விட்டுக்கொடுக்க வேண்டிய நிலைமை வந்தது. தண்ணீரால் வந்தது.

தோட்டக் கமிட்டிக்குச் செயலாளர் ஒரு வெள்ளைக்கார அம்மா. நல்ல உயரம். கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, கையில் ஒரு அட்டை, காதில் ஒரு பென்சில். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டு வருவார். கோழிகள் என் பொறுப்புக்கு வந்த அன்று ஒரு பத்திரத்தை நீட்டினார். எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது என்பதை அவருக்குக் காட்ட எனக்கு விருப்பமில்லை. கண்ணாடியைப் போட்டேன். மேலிருந்து கீழ்வரை மெல்லப் பார்த்தேன். நடுவில் ஓரிடத்தில் தலையை ஆட்டினேன். பிறகு கையெழுத்து வைத்தேன்.

நான் தலையாட்டிய இடத்தில் என்ன இருந்தது என்பதை மார்கழியில்தான் மகள் வாசித்துச் சொன்னாள். கோழிகளுக்கு எந்த நேரமும் குடிக்கக்கூடிய தண்ணீர் இருக்க வேண்டும். மூன்று தரம் உறைந்த தண்ணீரைக் கண்டால் கோழிகள் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அதை அவள் வாசிக்க வேண்டி வந்ததே, செயலாளர் அம்மாவிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்த பிறகுதான். இரண்டு வெள்ளிக்கிழமை அவர் குனிந்து, பென்சிலின் பின்பக்கத்தால் கோழிச் சட்டியில் தட்டிப் பார்த்தார். டொக், டொக் என்று கேட்டது. தண்ணீர் அப்படிச் சத்தம் போடாது. இரண்டு டொக்குக்கு இரண்டு கடிதம்.

"அம்மா, இந்தக் குளிருக்க உங்களுக்கு ஏன் உந்த வேலை?" என்றாள் மகள். "ஆரிட்டையாவது குடுங்கோ. முட்டை கடையில கிடக்குதுதானே."

"கடை முட்டை என்ர பேச்சைக் கேட்குமோ?" என்றேன்.

அவள் ஷிப்டுக்குப் போய்விட்டாள். நான் யோசிக்கத் தொடங்கினேன்.

தோட்டத்தில் கரண்ட் கிடையாது. குளிர்காலம் வந்தால் குழாயையும் பூட்டிவிடுவார்கள். கடையில் வயர் பூட்டிச் சூடாக்கும் கோழித் தொட்டி இருக்கிறதாம். வயரை நான் எங்கே கொண்டுபோய்ச் செருகுவது, கறுப்பியின் வாயிலா? அதனால் முதலில் இரண்டு சுடுதண்ணிப் போத்தல்களை நிரப்பிப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டு போனேன். ஊற்றும்போது ஆவி பறக்கும். கோழிகள் சுற்றி நின்று, தேநீர்க் கடையில் நிற்பவர்கள் மாதிரிக் கழுத்தை உயர்த்தி உயர்த்திக் குடிக்கும். நான் வீடு போய்ச் சேர முன்னமே சட்டி மறுபடி கண்ணாடி ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பஸ்ஸிலிருந்து ஒன்றும் செய்ய ஏலாது.

எனக்குப் பக்கத்துத் துண்டுக்காரர் மன்னார் ஆள், கத்தோலிக்கர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்கு ஆறு வயது இளையவர், அதனால் எழுபது வயதிலும் அவர் எனக்குத் தம்பிதான். தன் கொட்டில் கதவில் ஒரு செபமாலை தொங்கவிட்டிருப்பார். அதற்கு அருகில் அவருடைய பெருமைக்குரிய குதிரை எருக் குவியல் இருக்கும். எங்கேயோ குதிரை வைத்திருப்பவர்களிடமிருந்து வாரா வாரம் சாக்கில் கொண்டு வந்து கொட்டுவார். போன கோடை முழுவதும் அந்த நாற்றத்தைப் பற்றி நான் அவரிடம் சொல்லாத நாளில்லை.

"அக்கா, சட்டிக்குள்ள ஒரு மேசைப் பந்தை, அந்த மட்டையால தட்டுற வெள்ளைப் பந்தை, போடுங்கோ," என்றார் அவர். "காத்துக்குப் பந்து ஆடும். பந்து ஆடினால் தண்ணி அலையும். தண்ணி அலைஞ்சால் உறையாது."

"உது ஆர் சொன்னது?"

"எங்கட கோயில்ல ஒருத்தர் சொன்னவர்."

"சுவாமியாரோ?"

"இல்லை, பந்து விளையாடுறவர்."

பந்தைப் போட்டோம். மறுநாள் போய்ப் பார்த்தால் சட்டியில் பந்து இல்லை. மண்ணிறத்தில் ஒருத்தி அதை முட்டையென்று நினைத்து உருட்டிக்கொண்டு போய்க் கூட்டுக்குள் அடைகாத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் எழும்பவில்லை. அடியிலிருந்து பந்தை எடுக்கப் போய் நான் வாங்கிய கொத்தின் அடையாளம் இன்னும் பெருவிரலில் இருக்கிறது. சட்டி வழக்கம்போல உறைந்து கிடந்தது.

அப்போதுதான் எனக்கு விளக்கு யோசனை வந்தது. என் சொந்த யோசனை. யாரும் சொல்லித் தந்ததல்ல. பூச்சாடி மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதற்குள் சின்னச் சிட்டி விளக்கை, அந்த மண் அகலை, ஏற்றி, மேலே கோழித் தண்ணீரைத் தகரச் சட்டியில் வைத்தால், மண்சட்டி சூடு பிடித்துத் தண்ணீரை உறைய விடாது. கார்த்திகை விளக்கீட்டுக்கு அப்டன் பார்க் கடைத்தெருவில் வாங்கிய சிட்டிகள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருந்தன. வைக்கோல் எல்லாவற்றையும் தூர ஒதுக்கினேன். நாலு செங்கல் வைத்தேன். காற்று வராமல் ஒரு தகரம் மறைத்தேன். சிட்டியில் திரி போட்டு, குசினியிலிருந்து கொண்டுவந்த தேங்காயெண்ணெயை நிறைய விட்டு, ஏற்றிவிட்டு நிமிர்ந்தேன். செயலாளர் அம்மா அந்த நேரம் வந்திருந்தால் இனி இது தேவையில்லை என்று பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பேன், அவ்வளவு பெருமை எனக்கு.

அடுத்த நாள் காலையில் சட்டியைத் தட்டினேன். டொக். மண்சட்டியைத் தூக்கிப் பார்த்தேன். விளக்கு அணைந்திருந்தது. எண்ணெய் வெள்ளை வெளேரென்று கட்டியாகி, திரி அதற்குள் நட்ட கம்பு மாதிரி நின்றது.

மன்னார்த் தம்பி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் சிரிக்கத் தொடங்கினார். மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அதையும் விட்டுவிட்டுச் சிரித்தார்.

"அக்கா! தண்ணி உறையாமல் இருக்க வைச்ச விளக்கெல்லோ உறைஞ்சு போச்சு!"

"நீர் என்ன பல்லைக் காட்டுறீர்? போய் உம்மட எருவைக் கிளறும்."

"முப்பது வருஷமா இஞ்ச தேங்காயெண்ணெய்ப் போத்தலை ஹீட்டருக்குப் பக்கத்தில வைச்சு உருக்கித்தானே தலைக்கு வைக்கிறியள்?"

அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஒவ்வொரு காலையும் அந்தப் போத்தலைச் சூட்டில் வைத்துத்தான் நான் தலை வாருகிறேன். வீட்டில் தெரிந்த விஷயம் தோட்டத்தில் தெரியவில்லை. நான் பஸ் ஏறினேன். நல்லெண்ணெய் வாங்கி வந்தேன். நல்லெண்ணெய் லேசில் உறையாது. அன்றைக்கு ஊற்றி ஏற்றினேன். மறுநாள் காலையில் பார்த்தால் திரி சாம்பலாகி, எண்ணெயும் தீர்ந்துபோயிருந்தது. ஆனால் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. கறுப்பி அதில் மூக்கை விட்டு என்னைப் பார்த்தாள். திருப்தி என்றுதான் அர்த்தம்.

வெள்ளிக்கிழமை வந்தது. இலேசாகப் பனி கொட்டியிருந்தது. நான் பழைய சிட்டியை எடுத்துவிட்டுப் புதிதாக எண்ணெய் விட்டு ஏற்றினேன். விளக்கு ஏற்றினால் கை என்ன செய்யும்? தானாகக் குவியும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து விளக்கைக் கும்பிடாமல் நான் ஏற்றியதில்லை. கோழிக்கூடாக இருந்தால் என்ன, குசினியாக இருந்தால் என்ன, கைக்கு வித்தியாசம் தெரியாது. கண்ணை மூடி, "அம்மாளாச்சி" என்று ஒரு தரம் சொல்லிவிட்டுத் திறந்தேன்.

வேலிக்கு அப்பால் செயலாளர் அம்மா அசையாமல் நின்றார்.

அவர் சத்தமில்லாமல் மன்னார்த் தம்பியிடம் ஏதோ கேட்டார். தம்பி என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். பிறகு "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார். அந்த அம்மா உடனே குனிந்து தன் ரப்பர்ச் சப்பாத்துகளைக் கழற்றினார். பனியில்! ஒரு காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. அப்படியே நடந்து வந்து, கோழிக்கூட்டின் முன்னால் தலையைக் குனிந்து நின்றார். கறுப்பி வந்து அந்தப் பெருவிரலை ஒரு கொத்துக் கொத்தினாள். அவர் அசையவில்லை. அதற்குப் பிறகுதான், மெதுவாக, மன்னிப்புக் கேட்பது மாதிரி, சட்டியில் பென்சிலால் தொட்டுப் பார்த்தார். சத்தம் இல்லை. "பியூட்டிபுல்" என்றார். அட்டையில் எழுதினார். போய்விட்டார்.

"தம்பி, என்ன சொன்னீர் அவவுக்கு?"

"அவதான் கேட்டா, இது உங்கட கோயிலோ எண்டு. வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேருக்கு ஒருக்காப் போனவவாம். சப்பாத்துக் கழற்ற வேணும் எண்டு அவவுக்குத் தெரியும்."

"நீர் இல்லை எண்டு சொல்லியிருக்க வேணுமெல்லோ?"

"சொல்லியிருந்தால் பிறகு உதென்ன நெருப்பு எண்டு கேட்டிருப்பா. தோட்டத்துக்குள்ள நெருப்பு மூட்டக்கூடாது அக்கா, உங்கட பத்திரத்தில கிடக்கு. கோயில் விளக்கெண்டால் விடுவினம். கோழியைக் காப்பாத்தத்தான் சொன்னனான்."

பத்திரத்தில் அதுவும் இருந்திருக்கிறது. நான் தலையாட்டிய இடம் அதுவோ தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை செயலாளர் அம்மா ஒரு அப்பிளும் மஞ்சள் செவ்வந்திப் பூக்களும் கொண்டு வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவற்றைக் கூட்டின் முன்னால் வைத்தார். இந்த முறை காலுறை புதிது. அவர் திரும்பிப் போக முன்னமே கோழிகள் பூவைத் தின்றுவிட்டன. அதைக் கண்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்துத் துண்டுகளிலிருந்து இன்னும் இரண்டு வெள்ளைக்காரர்கள் எட்டி நின்று பார்த்தார்கள்.

"இனி என்ன அக்கா," என்றார் தம்பி, "கொடியேத்திப்போட்டு, பங்குனியில தேர் இழுக்கவேண்டியதுதான். கறுப்பியை மேல ஏத்துவம்."

"வாயை மூடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் யாரிடமும் பொய் சொல்லிப் பிழைத்தவள் அல்ல. அதுவும் பொய்யை நானே சொன்னாலும் பரவாயில்லை, இன்னொருவர் வாயால், எனக்குத் தெரியாத மொழியில், அம்மாளாச்சியின் பேரில். ஒரு மனிசி பனியில் சப்பாத்தைக் கழற்றி நிற்கிறார், கோழித் தண்ணீருக்கு முன்னால். உண்மையைச் சொன்னால் விளக்கு போய்விடும். விளக்கு போனால் தண்ணீர் உறையும். மூன்றாவது டொக் கேட்கும். கோழிகள் போய்விடும். சொல்லாவிட்டால் வெள்ளிக்குவெள்ளி பூ வரும்.

மன்னார்த் தம்பிக்கும் நிம்மதியில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், செய்த பாவத்தைச் சுவாமியாரிடம் சொல்லும் இடத்தில், இதைச் சொல்லியிருக்கிறார்.

"சுவாமி என்ன சொன்னவர்?" என்றேன்.

"முதல்ல 'கோழிக்கோ?' எண்டு கேட்டவர். ஓம் எண்டன். 'எத்தினை கோழி?' எண்டார். நாலு எண்டன். அதுக்குப் பிறகு உள்ளுக்க ஒரு இருமல் சத்தம்தான் கேட்டது. கடைசியில உண்மையைச் சொல்லிப்போடு எண்டவர்."

"சொல்லுவம். ஆனால் நான்தான் சொல்லுவன். நீர் இனி எனக்காக ஒண்டும் சொல்ல வேண்டாம்."

சொல்வதற்கு முன் விளக்குக்கு மாற்று ஒன்று வேண்டும். அன்று புதன்கிழமை. தோட்டம் முழுவதும் ஒரே வெள்ளை. எல்லாப் பாத்தியிலும், எல்லாக் கூரையிலும் பனி. ஒரு இடத்தில் மட்டும் இல்லை. தம்பியின் எருக் குவியல் கறுப்பாக, ஈரமாக, அடுப்பில் வைத்த சோற்றுப்பானை மாதிரி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஒரு குருவி அதன் மேல் இருந்து குளிர் காய்ந்துகொண்டிருந்தது.

நான் அந்தக் குருவியைக் கனநேரம் பார்த்தேன். அதற்கு வழி தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் குருவி யாரிடமும் கேட்கத் தேவையில்லை. நான் கேட்க வேண்டும்.

"தம்பி, எனக்கு நாலு வாளி உது வேணும்."

"எது அக்கா?"

"உதுதான்."

"பேர் சொன்னால்தானே தெரியும்."

"உம்மட குதிரை எரு. புதுசாப் பாத்து."

அவர் மண்வெட்டியை ஊன்றி, அதன்மேல் தாடையை வைத்தார். "போன கோடையில ஆரோ இது நாறுது எண்டு சொன்னவை. ஆரெண்டுதான் ஞாபகம் வருகுதில்லை."

"நான்தான் சொன்னன். இப்பவும் நாறுதுதான். தாருமன்!"

அவர் நாலு வாளி கேட்ட இடத்தில் ஆறு வாளி தந்தார். தள்ளுவண்டியில் வைத்துத் தானே கொண்டு வந்தார். வழி முழுவதும் சிரித்தார். அவருடைய கொட்டிலில் கிடந்த பழைய லொறி டயர் ஒன்றைக் கூட்டுப் பக்கம் போட்டோம். உள்ளே சூடான எருவையும் வைக்கோலையும் கலந்து இறுக்கி அடைத்தேன். நடுவில் குழி செய்து கழுத்தளவுக்குச் சட்டியைப் புதைத்தேன். எருவின் மேல் கோழி கால் வைக்காதபடி சாக்கை வெட்டிச் சுற்றி மூடினேன். எத்தனை வருஷம் பிட்டுப் பானையின் வாயைச் சீலை சுற்றி ஆவி போகாமல் அடைத்திருப்பேன்? அதே கைவேலைதான். வியாழக்கிழமை காலையில் விரலை விட்டுப் பார்த்தேன். குளிர்தான், ஆனால் தண்ணீர். சிட்டியைக் கழுவிப் பைக்குள் போட்டேன்.

வெள்ளிக்கிழமை செயலாளர் அம்மா பூவோடு வந்தார். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தார்.

"நோ!" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கறுப்பிகூட நின்றுவிட்டாள்.

இங்கிலிஷ் வசனங்களை முதல் நாளே கோழிகளுக்குச் சொல்லிப் பார்த்திருந்தேன். "நோ டெம்பிள். லாம்ப் ஒன்லி ஃபோர் வாட்டர். சிக்கின் நோ காட். சாரி."

அவருடைய முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு போனது. பூவைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு தன் இரண்டு கைகளையும் குவித்துக் காட்டி, அப்படியென்றால் இது ஏன் என்று கேட்டார். அதற்கு என்னிடம் வசனம் தயாராக இல்லை. நான் பையிலிருந்து சிட்டியை எடுத்துக் காட்டினேன். ஏற்றுவது மாதிரிச் செய்தேன். கைகள் தானாகப் போய்ச் சேருவதைக் காட்டினேன். "லாம்ப் கம், ஹாண்ட் கம்" என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் மன்னார்த் தம்பி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, தானும் "சாரி" என்றார்.

அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். கோபத்தில் இருந்தாரோ, வெட்கத்தில் இருந்தாரோ, இந்த முறை மெதுவாகத் தொடவில்லை. பனிக்கட்டியை உடைக்கிறவர் மாதிரி ஓங்கித் தட்டினார்.

பென்சிலும் போய், விரலும் போய், மணிக்கட்டு வரைக்கும் தண்ணீருக்குள் இறங்கியது. தெறித்த தண்ணீர் கண்ணாடியில் பட்டது. சட்டியில் எரு மணமும் கொஞ்சம் இருந்திருக்கும், நான் இல்லையென்று சொல்லமாட்டேன். கோழிகள் நாலும் சிதறி ஓடின.

அவர் கையை வெளியே எடுத்து அதைப் பார்த்தார். பிறகு டயரைப் பார்த்தார். சாக்கின் ஓரத்தைத் தூக்கி மணந்து பார்த்தார். பிறகு ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. உயரமான ஆள் சிரித்தால் எல்லா இடமும் ஆடும் என்று அன்றுதான் கண்டேன். ஈரக் கையால் அட்டையில் ஏதோ எழுதினார். பூவைக் கோழிகளுக்கு எறிந்துவிட்டுப் போனார்.

மூன்றாவது கடிதம் திங்கட்கிழமை வந்தது. மகள் பிரித்தாள். நான் பார்க்காத மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணி நல்லம் எண்டு போட்டிருக்கு," என்றாள். "கோழி வைச்சிருக்கலாமாம்."

"பிறகு?"

"எரு நாறுதாம். பாதையிலயிருந்து கொஞ்சம் தள்ளி வைக்கட்டாம்."

அந்தக் கடிதத்தை மன்னார்த் தம்பியிடம் நான் காட்டவில்லை. நாற்றம் என்ற சொல்லை அவர் கண்டால் பங்குனி வரைக்கும் எனக்கு நிம்மதி இருக்காது. டயரை மட்டும் நானே இரண்டு அடி உருட்டித் தள்ளினேன். பத்து நாளுக்கு ஒரு தரம் எரு ஆறிவிடும். அப்போதெல்லாம் போய்க் கேட்கிறேன். அவர் பேர் சொல்லச் சொல்கிறார். நான் சொல்கிறேன். அவர் தருகிறார்.

செயலாளர் அம்மா இப்போதும் வெள்ளிக்கிழமை வருகிறார். அப்பிள் மட்டும் கொண்டு வருகிறார், அதுவும் கறுப்பிக்கென்று வெட்டி. அவர் வரும் நேரம் நான் சட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால், ஊற்றி முடித்த கையோடு இரண்டு கைகளையும் கோட்டுப் பொக்கற்றுக்குள் போட்டுவிடுவேன். விளக்குத்தான் இல்லையே என்று கைக்கு இன்னும் தெரியவில்லை.